தமிழ்ச் சொல்லைத் தேடி சிகாகோவுக்கு: பிராந்திய ஆய்வு மையம் என்றால் என்ன?

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. அதனால் நாளைக்குப் பத்துத் தடவையாவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்துவிடுவேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்று அதை அலமாரியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் 'கலிங்கு' என்று தட்டினால், நிரம்பிய ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் இடம் என்று பொருள் வந்து நிற்கிறது.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு அதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தவர், "சிகாகோ பல்கலைக்கழகம்னு போட்டிருக்கே. நம்ம அகராதியை அவங்க எதுக்குங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப்போனால் பிராந்திய ஆய்வு மையம் என்ற அமைப்பில் போய் நிற்க வேண்டும். பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் பெயர்தான். ஆனால் அதைச் சிலர் கல்லூரித் துறை என்கிறார்கள், சிலர் கலாச்சாரச் சங்கம் என்கிறார்கள், இன்னும் சிலர் உளவு வேலைக்கான போர்வை என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

## பெயரிலேயே ஒரு சிக்கல்

ஏரியா ஸ்டடீஸ் என்பதைச் சிலர் 'வட்டார ஆய்வு' என்று தமிழாக்குகிறார்கள். நமக்கு வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம்தான் முதலில் கண்ணில் தெரியும். அதைவிட்டால் வட்டார வழக்கு. ஆனால் இங்கே பேசப்படும் நிலப்பரப்பு தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா என்ற அளவுக்குப் பெரியது. அதனால் பிராந்தியம் என்றே வைத்துக்கொள்வோம். பிராந்திய ஆய்வு என்றால், ஒரு நிலப்பரப்பை அதன் மொழி, வரலாறு, அரசியல், பொருளாதாரம், கலை எல்லாவற்றோடும் சேர்த்து முழுதாக அறிய முயலும் படிப்பு.

முழுதாக என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குத்தான் விளக்கம் தேவை.

## ஓர் ஏரியை யாரிடம் கேட்பது?

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பழைய ஏரி. அதை ஆராய ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிவில் என்ஜினியரிங் துறைக்குப் போனால் கரையின் சரிவு, மதகின் அளவு, கொள்ளளவு எல்லாம் கணக்குப் போட்டுத் தருவார்கள். ஏரிக்கரைக் கோயில் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

வரலாற்றுத் துறையில் கேட்டால் உத்திரமேரூரைக் காட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ளவே 'ஏரி வாரியம்' இருந்தது, குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். சரி, இன்று எந்த வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் போகிறது? அதற்கு வருவாய்த் துறையின் அடங்கலைப் புரட்ட வேண்டும். தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி யார், அந்த வேலை ஒரு குடும்பத்துக்கு எப்படி வந்தது, ஊர்க்காரர்கள் அவருக்கு நெல்லாகக் கூலி கொடுப்பது எப்போது நின்றது? இது சமூகவியல், மானுடவியல் பக்கம். குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டை அரசு 2017-ல் மறுபடி கையில் எடுத்ததே, அது ஏன்? அது அரசியல் அறிவியல்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. மதகு, மடை, கலிங்கு, வாய்க்கால், கழனி என்ற சொற்கள் தெரியாமல் அந்த ஊரில் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. கேட்டாலும் பதில் புரியாது.

பல்கலைக்கழகத் துறைகள் கடைத்தெரு மாதிரி. இரும்புக்கடையில் அரிசி கிடைக்காது. ஏரியோ ஒரு வீடு மாதிரி. வீட்டுக்கு இரும்பும் வேண்டும், அரிசியும் வேண்டும். அந்தப் பெண் ஐந்து கடை ஏறி இறங்காமல், ஐந்து கடைக்காரர்களையும் வாரத்துக்கு ஒருநாள் ஒரே திண்ணையில் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் பிராந்திய ஆய்வு மையம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: துறை அறிவை வகை வகையாகப் பிரித்து வைக்கிறது. மையம் ஒரு நிலத்தை முன்னிட்டு அந்த வகைகளைச் சேர்த்து வைக்கிறது. அவற்றைக் கோக்கும் இழை மொழி.

## துறை, இருக்கை, மையம்

நம் செய்திகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைந்து வருகின்றன. பிரித்துப் பார்த்தால் எளிது.

துறை என்பது பட்டம் தரும் இடம். ஆசிரியர்களைப் பணியமர்த்துவதும் தேர்வு வைப்பதும் அதன் வேலை.

இருக்கை என்பது ஒரே ஒரு பேராசிரியர் பதவி. ஒரு பெருந்தொகையை முதலீடாகப் போட்டு, அதன் வருமானத்திலிருந்து அந்தப் பதவிக்கு நிரந்தரமாகச் சம்பளம் தருவார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசும் அதில் 10 கோடி ரூபாய் போட்டது. டொரண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனடா டாலர். அவ்வளவு காசு போட்டும் வந்தது ஒரு நாற்காலிதானா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாற்காலிதான். ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு கைநீட்டிக் காசு கேட்காத நாற்காலி.

மையம் இரண்டுமில்லை. பெரும்பாலான மையங்களுக்குத் தனியாகப் பேராசிரியர்களே கிடையாது. வரலாற்றுத் துறையில் சம்பளம் வாங்குபவரும் இசைத் துறையில் சம்பளம் வாங்குபவரும் மையத்தில் 'இணைந்த' ஆசிரியர்களாக இருப்பார்கள். மையத்துக்கென்று ஓர் இயக்குநர், ஒன்றிரண்டு அலுவலர்கள், ஒரு கூட்ட அறை, காபி இயந்திரம். பெயர்ப்பலகையைப் பார்த்துப் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

## ஸ்புட்னிக் போட்ட விதை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆசியா முழுவதும் சண்டை போட்டது. அங்குள்ள மொழிகள் தெரிந்த ஆட்கள் தன்னிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. போர் முடிந்ததும் 1948-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருத அறிஞர் தெற்காசியப் பிராந்திய ஆய்வுக்குத் தனி இடம் உருவாக்கினார். அமெரிக்காவில் தெற்காசியாவுக்கு அதுதான் தொடக்கம்.

பெரிய காசு வந்தது 1957-க்குப் பிறகு. அந்த அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நிதி ஒதுக்கியதோடு, அதன் ஆறாம் பிரிவு அயல்மொழிகளுக்கும் பிராந்திய ஆய்வுக்கும் பணம் தந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருக்கிறது. ஆகவே உளவுப் போர்வை என்று சந்தேகப்பட்டவர்களை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அரசு என்ன நினைத்துக் காசு கொடுத்ததோ, அதற்கே காசு போனது என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்புக்காகத் திறந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து சிலர் சங்கப் பாட்டு படித்தார்கள். கர்நாடக இசை ஆராய்ந்தார்கள். வேடிக்கையான விளைவுதான். எனக்கு இதில் வருத்தமில்லை.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் 1962-ல் தெற்காசிய நிறுவனத்தைத் தொடங்கியது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தென்கிழக்காசிய ஆய்வு மையம் 1965-ல் முறைப்படி அமைந்தது. நம் நாட்டிலும் 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென ஒரு திட்டம் வைத்தது. திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசியாவுக்கும், மும்பையில் ஆப்பிரிக்காவுக்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்காசியாவுக்கும் மையங்கள் உண்டு. நம் மாணவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

## கோதுமை வந்தது, புத்தகம் போனது

மையத்தின் வயிறு நூலகம். அந்த வயிற்றை நிரப்பிய கதை விசித்திரமானது.

பஞ்ச காலத்துப் பி.எல். 480 கோதுமை பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1954-ல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் எண் அது. அந்தக் கோதுமைக்கு இந்தியா டாலரில் பணம் தரவில்லை, ரூபாயில் தந்தது. அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்து கிடந்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் செலவழிக்க வழியில்லை. அப்படியானால் அதில் ஒரு பங்குக்கு இந்தியப் புத்தகங்களை வாங்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிகளில் அச்சாகும் புத்தகங்களை வாங்கி, தெற்காசிய மையங்கள் இருந்த பல்கலைக்கழகங்களுக்குப் படிப்படியாக அனுப்பியது. இங்கே எடைக்குப் போன தமிழ்ப் புத்தகம் சிலநேரம் அங்கே அலமாரித் தட்டில் நிற்பதற்குக் காரணம், நம் முன்னோர் சாப்பிட்ட சப்பாத்தி.

நூலகம் ஓர் ஆளை எப்படித் திருப்பிவிடும் என்பதற்குக் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் கதையைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1962-ல், சிகாகோவுக்குப் போன புதிதில், ஒரு சனிக்கிழமை ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்குப் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப்போனார். கைக்கு அகப்பட்டது உ.வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு. அவரே இதை எழுதியிருக்கிறார். ஐந்தாண்டில், 1967-ல், அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது. மைசூரில் பிறந்த தமிழர், சிகாகோவின் நிலவறையில் சங்கக் கவிதையைக் கண்டெடுத்தார்.

அப்புறம் கோட்டையூர். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் புத்தகம் சேர்த்தார். ஏறக்குறைய 50,000 புத்தகங்கள். கூடவே பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் என்று இன்னொரு 50,000. 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை என்பதுதான் முக்கியம். 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. மூலப் பிரதிகள் இங்கேயே இருக்க, பக்கங்களை நுண்படச்சுருளில் எடுத்தார்கள். நுண்படச்சுருள் என்பது பக்கத்தை மிகச் சிறிதாகப் படம்பிடித்து வைக்கும் பிலிம் சுருள். நல்ல குளிரில் வைத்தால் காகிதத்தைவிட நெடுங்காலம் தாங்கும். இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தில் நூறாண்டுக்கு முந்தைய நாடக நோட்டீசைப் போய்ப் பார்க்கலாம். பழைய மஞ்சள் தாளில் 'பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு' போன்ற வரிகளைப் படிக்கும்போது, ஒரு ஆய்வாளருக்கு அது எவ்வளவு பெரிய தகவல் என்று புரியும்.

எதிர்வீட்டுப் பெரியவரின் கேள்விக்கும் பதில் இங்கேதான். அகராதியை எண்ணிம (டிஜிட்டல்) வடிவுக்கு மாற்றியது இதே தெற்காசிய நூலகப் பணியின் தொடர்ச்சி. அதில் அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியும் உண்டு. அங்கே தமிழ் படிக்கும் மாணவருக்காகச் செய்தது, நமக்கும் கிடைத்தது.

## வகுப்பறையும் வரைவுக் கட்டுரையும்

மையத்தின் அன்றாடக் கல்விப் பணியில் முதல் இடம் மொழி வகுப்புக்கு. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் கோடையில் தெற்காசிய மொழிகளுக்குத் தீவிர வகுப்புகள் நடக்கின்றன. 1961-ல் பல பல்கலைக்கழகங்கள் கூட்டாகத் தொடங்கிய இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் மாணவர்களைத் தமிழ் படிக்க மதுரைக்கே அனுப்பிவைக்கிறது. புத்தகத்தில் 'சென்று வருகிறேன்' என்று படித்த மாணவர் மதுரைத் தெருவில் 'போய்ட்டு வாரேன்' என்பதைக் கேட்டுத் திகைப்பார். ஒரே மொழிக்குள் எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரட்டை நடை இருப்பதை அவர் நோட்டில் எழுதிக் கற்கிறார். நாம் வாயில் கற்றோம்.

இரண்டாவது, கருத்தரங்கு. நம்மூர்க் கருத்தரங்கு எப்படி நடக்கும் என்று தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை மூன்று, ஆளுக்குப் பத்து நிமிடம், மதியம் சாப்பாடு, கையோடு சான்றிதழ். நானே அப்படி ஒன்றில் கட்டுரை படித்திருக்கிறேன். அரங்கில் இருந்தவர்கள் எல்லாரும் அடுத்து தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள்தான். ஒரு கேள்விகூட வரவில்லை.

மையங்களில் நடக்கும் பயிலரங்கு வேறு மாதிரி. ஆய்வு மாணவர் முடிக்காத வரைவைச் சில நாள் முன்பே எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். வருகிறவர்கள் படித்துவிட்டு வர வேண்டும். கட்டுரையை அங்கே வாசிப்பதில்லை. ஒருவர் முதலில் கருத்து சொல்வார், அப்புறம் ஒரு மணிநேரம் மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். ஏரிக் கட்டுரை என்றால் கல்வெட்டுக்காரர் "இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் இல்லை" என்பார். பொருளாதாரக்காரர் "விளைச்சல் கணக்கு எங்கே" என்பார். எழுதியவருக்குத் தூக்கம் போகும். கட்டுரைக்கு உயிர் வரும். நான் மேலே சொன்ன திண்ணை இதுதான்.

சுருக்கமாக: மொழி வகுப்பு, நூலகம், பயிலரங்கு. இந்த மூன்றும் ஓடினால்தான் மையம். ஒன்று குறைந்தாலும் பலகை மட்டும்தான். பிராந்தியத்தின் மொழியைக் கற்றுத் தராமல், ஆங்கிலப் பத்திரிகையை வைத்தே ஆராயும் மையங்கள் எங்கும் உண்டு. அவை எதை ஆராய்கின்றன என்று எனக்குப் புரிந்ததில்லை.

## ஆடுதுறையைப் போல

'ஆய்வு விரிவாக்கம்' என்ற சொல் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. விளம்பரம் என்று நினைக்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. அங்கே உருவான 'ஏடிடீ' ரகம் நாற்றங்காலுக்கு வரவில்லை என்றால் அது வெறும் ஏட்டுச் சுரைக்காய். ரகத்தை வயலுக்குக் கொண்டுபோவதும், 'புகையான் தாங்கவில்லை', 'காற்றில் சாய்கிறது' என்ற விவசாயியின் குறையைத் திரும்ப நிலையத்துக்குக் கொண்டுவருவதும் சேர்ந்துதான் விரிவாக்கம். போகிற வழியும் வருகிற வழியும் இரண்டும் வேண்டும்.

பிராந்திய மையத்திலும் அப்படித்தான். பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துவார்கள். இந்தியா என்றால் யானையும் பாம்பாட்டியும் என்று எழுதியிருக்கும் பாடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று திணறும் ஆசிரியருக்கு, நல்ல படமும் மொழிபெயர்த்த கதையும் வரைபடமும் கைக்குக் கொடுப்பார்கள். பொதுச் சொற்பொழிவு, திரைப்படக் காட்சி, செய்தியாளருக்கு விளக்கம், எல்லாருக்கும் திறந்த எண்ணிம நூலகம் என்று பட்டியல் நீளும். அமெரிக்க அரசின் மைய நிதியைப் பெற இது கட்டாய நிபந்தனை. இரக்கப்பட்டுச் செய்யும் தொண்டு இல்லை.

ஆனால் தகவல் கொடுத்த ஊருக்கே ஆய்வு திரும்பிப் போகும் வழிதான் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. ஏரியைப் பற்றிய ஆய்வு ஆங்கிலத்தில் ஒரு ஆய்விதழில் வெளிவருகிறது. அதைப் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். மணிக்கணக்கில் பேசிய நீர்க்கட்டியின் கைக்கு ஒரு பக்கம்கூட வருவதில்லை. மையங்கள் இதில் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

## மினி பஸ் கணக்கு

ஐந்து பேர் படிக்கும் தமிழ் வகுப்புக்கு ஒரு முழுநேர ஆசிரியர். கணக்குப் பார்த்தால் நட்டம். குக்கிராமத்துக்குப் போகும் மினி பஸ் மாதிரி கூட்டம் குறைவு; மானியம் இல்லாமல் வகுப்பு ஓடாது. மேலே சொன்ன அமெரிக்க அரசின் ஆறாம் பிரிவு நிதி நான்காண்டுச் சுற்றாக வரும். ஒரு பங்கு மையத்துக்கு, இன்னொரு பங்கு மொழி படிக்கும் மாணவரின் உதவித்தொகைக்கு. 2011-ல் இந்த நிதித் தொகுப்பில் சுமார் 40 சதவீதம் வெட்டினார்கள். 2025-ல் அந்த ஆண்டுத் தொகையே வராது என்று மையங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. இப்படி வெட்டு விழும்போது இந்தி, அரபி போன்ற கூட்டம் உள்ள வகுப்புகளைவிட, கூட்டமில்லாத மொழிகளுக்குத்தான் ஆபத்து முதலில். இருக்கைக்கு நம்மவர்கள் காசு திரட்டுவதன் பொருள் இங்கேதான் தெளிவாகிறது.

## கோடு போட்ட இடத்தில்

பிராந்திய ஆய்வில் ஓட்டை ஒன்று உண்டு. தெற்காசியா எங்கே முடிகிறது? வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு மையம், அந்தப் பக்கம் ஒரு மையம் என்று வைத்துவிட்டார்கள். கடலில் கோடு நிற்குமா?

முதலாம் ராஜராஜன் காலத்தில் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற செப்பேடுகளில் இதெல்லாம் பொறித்திருக்கிறது, ஒரு பகுதி சமஸ்கிருதத்தில், ஒரு பகுதி தமிழில். கட்டியவன் தென்கிழக்காசியா. கட்டிய இடம் தெற்காசியா. இந்தியப் பெருங்கடலையே ஒரு பிராந்தியமாக எடுத்துக்கொண்டு ஆராயலாம் என்று இப்போது சிலர் கிளம்பியிருப்பது இதனால்தான்.

அதுவரை, சூடாமணி விகாரத்தை ஆராய வரும் மாணவர் இரண்டு மையங்களுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, மழையோ வெயிலோ, இரண்டு கட்டடங்களுக்கும் நடக்க வேண்டியதுதான்.